காரின் ஸ்வர்ல் மார்க்கை டிஏ பாலிஷரால் நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காலையில் டஸ்டரால் நாலு தட்டு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. நம் ஊர்க் கார்களில் ஸ்வர்ல் மார்க் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது. பெயின்ட் மேல் படிந்திருக்கும் தூசியை நாமே அழுத்தித் தேய்க்கிறோம். அதிலிருக்கும் மணல், நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில், மெல்லிய கோடுகளாக இழுத்துவிடுகிறது. கோடுகள் எல்லாத் திசையிலும்தான் இருக்கும். ஆனால் வெளிச்சத்தைச் சுற்றியுள்ளவை மட்டும் பளிச்சிடுவதால் வட்டமாகத் தெரிகின்றன. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

இது லேசான கீறல்களுக்கான வழிகாட்டி. டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் என்ற, பேட்டைச் சுழற்றிக்கொண்டே அலையவிடும் மெஷினை வைத்து வீட்டு போர்டிகோவில் முதல்முறை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மெஷினைப் பிடிப்பதை அரை மணியில் கற்றுக்கொள்ளலாம். தடுமாற்றம் எல்லாம் மெஷினை ஆன் செய்வதற்கு முந்தைய வேலைகளில்தான் வருகிறது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. பாலிஷில் போகக்கூடிய கீறல்தானா?

நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் முழுதாகப் போகாது, விட்டுவிடுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போய், தண்ணீர் தெளித்தால் கோடும் மறைந்தால் கீறல் கிளியர் கோட்டின் மேற்பரப்பில்தான் இருக்கிறது.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு? பாலிஷ் கீறலை நிரப்பிச் சரிசெய்வதில்லை. கீறலின் அடிவரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவிச் சமமாக்குகிறது. கம்பெனி பெயின்டில் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் தடிமனில் பாதிகூட இல்லை. லேசான பாலிஷில் ஓரிரு மைக்ரானுக்குள்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் போனது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் இந்த அடுக்குதான்.

மேட் ஃபினிஷ் பெயின்டைப் பாலிஷ் செய்யவே கூடாது, திட்டுத்திட்டாகப் பளபளக்கும். பிபிஎஃப் (பெயின்டைக் காக்கும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டிய பேனலையும் விட்டுவிடுங்கள். செராமிக் கோட்டிங் இருந்தால் பாலிஷில் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த பேனலில் கிளியர் கோட் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் அளந்து பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பேனலில் மிக லேசாகவே கை வையுங்கள்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

மெஷின்: டிஏ பாலிஷர் மட்டும். 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேட்டை ஒட்டும் தட்டு), 8 அல்லது 15 மில்லிமீட்டர் த்ரோ (பேட் அலையும் வட்டத்தின் அளவு) போதும். 21 மில்லிமீட்டர் த்ரோ பெரிய பானெட்டில் வேகமாக வேலை செய்யும், ஆனால் கார்களில் வளைவும் இடுக்கும்தானே அதிகம். ரோட்டரி வேண்டாம். ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் சுற்றுவதால் ஓர் இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகும். கை பழகாதவர் ஓட்டினால் பெயின்ட் எரியும், அல்லது வெயிலில் ஆடும் ஹோலோகிராம் கோடுகள் விழும். டிஏ பாலிஷரில் பேட் சுற்றிக்கொண்டே அலையவும் செய்கிறது, அழுத்தினால் சுழற்சி நின்றுவிடுகிறது. புதியவர்களைக் காப்பாற்றுவது இந்தக் குணம்தான்.

பேட்: மீடியம் பாலிஷிங் ஃபோம் பேட் குறைந்தது நாலு, ஃபினிஷிங் ஃபோம் பேட் இரண்டு. பேட்டின் நிறத்தை வைத்து வாங்காதீர்கள். ஒரு பிராண்டில் ஆரஞ்சு கட்டிங்காக (அதிகம் சீவும் வகையாக) இருக்கும், இன்னொன்றில் அதுவே மீடியம். என்ன வகை என்று பாக்கெட்டில் படித்துப் பாருங்கள். பேட் எண்ணிக்கையில் மிச்சம் பிடிக்க நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒரே பேட்டில் கார் முழுக்க ஓட்டினால் நாலாவது பேனலில் அது ஊறிச் சூடேறி வேலை செய்யாது.

பாலிஷ்: ஒரு ஃபினிஷிங் பாலிஷ், தேவைப்பட்டால் ஒரு படி ஏற்ற ஒரு மீடியம் பாலிஷ். மெகுவையர்ஸ் எம்205, மென்செர்னா 2500, 3500 போன்றவை இந்த வேலைக்குப் பொருந்தும். ஆட்டோமொபைல் கடையில் டப்பாவில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்ட் வேறு வேலைக்கானது. அதன் கரடுமுரடான துகள் போடும் கீறலை எடுக்கவே இன்னொரு நாள் ஆகும்.

மற்றவை: கார் ஷாம்பு, இரண்டு வாளி, அயர்ன் ரிமூவர், ஃபைன் கிரேட் கிளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி), மாஸ்கிங் டேப், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பேட் பிரஷ், நல்ல எல்இடி டார்ச், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க். மைக்ரோஃபைபர் துணி குறைந்தது பத்து வேண்டும். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள், அதுவே கீறும்.

3. இடமும் நேரமும்

பேனல் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான தகரத்தில் பாலிஷ் வேலை செய்வதற்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். போர்டிகோவிலோ ஷெட்டிலோ காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிவரை நிம்மதியாக ஓட்டலாம். ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய வண்டியின் பானெட் ஆற ஒரு மணி நேரமாவது விடுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். மெஷின் ஒயர் கிடக்கும் இடத்தில் மட்டும் தெளிக்க வேண்டாம்.

வாட்ச், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெல்ட் பக்கிள் கதவில் உரசிப் புதுக் கோடு போடுவதை நிறையப் பார்க்கலாம். கைலி கட்டியிருந்தால் போய் அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு வாருங்கள், சுழலும் மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கும் துணி ஆபத்து. ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டால் பெயின்டில் உரசாது.

சின்ன ஹேட்ச்பேக்குக்கே தயாரிப்போடு சேர்த்து முழு நாள் ஆகும். முதல்முறை செய்பவர்கள் பானெட்டை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

4. கழுவுதல், அயர்ன் ரிமூவர், கிளே

பெயின்டில் ஒரு மணல் துகள் மிச்சமிருந்தாலும் பேட் அதைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை தேய்க்கும். அதனால்தான் இந்தப் பகுதியை அவசரப்படுத்தக் கூடாது என்கிறேன்.

முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சித் தளர்ந்த மண்ணை இறக்குங்கள். அப்புறம் ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் நல்ல தண்ணீர். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் துணியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி.

வீட்டு ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவும் பழக்கம் பலருக்கு உண்டு. சிக்கனம்தான், ஆனால் அதில் குழாய்த் தண்ணீரைவிட உப்பு அதிகம். காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாகப் படியும். போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் பேனல் பேனலாகக் கழுவி உடனுக்குடன் ஒற்றி எடுங்கள்.

அயர்ன் ரிமூவரை நிழலில், குளிர்ந்த பேனலில் தெளியுங்கள். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்தின் பக்கமிருந்தும் பறந்து வந்து பெயின்டில் பதிந்த இரும்புத் துகள் ஊதா நிறமாக வழியும். காய விடாமல், பாட்டிலில் சொன்ன நேரத்துக்குள் அலசிவிடுங்கள். நாற்றம் குடலைப் புரட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து கிளே. மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். அது இருக்கும் இடத்தில் ஷாம்புத் தண்ணீரையோ கிளே லூப்ரிகன்டையோ தாராளமாகத் தெளித்து, கிளேயை அழுத்தாமல் நேர்கோட்டில் நகர்த்துங்கள். முதலில் இழுத்துப் பிடிக்கும், பிறகு வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்கான முகத்தை மடித்துப் புது முகத்தை வெளியே கொண்டுவாருங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள், கழுவினாலும் மணல் போகாது.

கிளே போட்டால் லேசான புதுக் கோடுகள் விழலாம். பரவாயில்லை, பாலிஷ் அடுத்துத்தான் வருகிறது. பாலிஷ் செய்துவிட்டுப் பிறகு கிளே போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

இன்னொரு முறை அலசி, இடுக்கு உட்பட நன்றாக உலர்த்துங்கள். கண்ணாடி ரப்பரிலிருந்தும் கைப்பிடியிலிருந்தும் தண்ணீர் பாலிஷ் நடுவில் சொட்டினால் எரிச்சலாக இருக்கும்.

5. டேப் ஒட்டுதல்

கறுப்பு பிளாஸ்டிக் டிரிம், ரப்பர் பீடிங், லோகோ, பேனல் விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறையாக நிற்கும், எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விளிம்பிலும் பேனலின் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், பேட்டின் அழுத்தமும் அங்கேயே குவியும். டேப் அதற்குத்தான்.

6. சோதனைச் சதுரம்

முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ஒவ்வொரு காரின் கிளியர் கோட்டும் வேறு கடினம். பக்கத்து வீட்டுக் காருக்கு வேலை செய்த பேட்டும் பாலிஷும் உங்கள் காருக்குப் பொருந்த வேண்டியதில்லை.

பானெட்டின் நடுவில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபினிஷிங் பேட், ஃபினிஷிங் பாலிஷ். அடுத்த பகுதியில் சொல்லும் முறையில் ஒரு சுற்று ஓட்டித் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் வண்டி முழுக்க அதுவே போதும். போகவில்லையா, பாலிஷை மாற்றாமல் பேட்டை மட்டும் மீடியத்துக்கு மாற்றுங்கள். அதிலும் நிற்கிறதா, அப்போது பாலிஷை ஒரு படி ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகமாக முடியட்டும் என்று காம்பவுண்டும் கட்டிங் பேடும் எடுத்து ஆரம்பிக்கிறார்கள். கீறல் போகும், மங்கலான மூட்டம் வரும். அதை எடுக்க மறுபடி ஃபினிஷிங் ஓட்ட வேண்டும். ஒரே சுற்றில் முடிகிற வேலைக்கு இரண்டு சுற்று, கிளியர் கோட்டும் கூடுதலாகப் போகும்.

நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும் என்று நிற்காதீர்கள். பத்தில் எட்டு போனாலே வண்டி வேறு மாதிரி தெரியும். மீதி இரண்டைத் துரத்த இருமடங்கு பெயின்டைச் சீவ வேண்டியிருக்கும். தினமும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது தேவையில்லை.

சோதனைச் சதுரத்தில் பேட்டைக் கவனியுங்கள். காரின் நிறமே பேட்டில் ஒட்டினால் அந்தப் பெயின்டில் கிளியர் கோட் இல்லை. பழைய வண்டிகளின் சாலிட் (மெட்டாலிக் அல்லாத) நிறங்களில் இப்படி இருக்கும். பாலிஷ் செய்யலாம், ஆனால் பேட்டை அடிக்கடி மாற்றுங்கள். கம்பெனியில் கிளியர் கோட்டோடு வந்த வண்டி என்று உறுதியாகத் தெரிந்தும் நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

7. மெஷினை ஓட்டும் முறை

பேட்டை வெல்க்ரோவில் நட்டநடுவாக ஒட்டுங்கள். ஓரம் தள்ளி ஒட்டினால் மெஷின் உதறும். பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிந்தால் பேட் சுழல்கிறது. கோடு ஓர் இடத்தில் நின்று நடுங்கினால் பேட் அதிர்கிறதே தவிர சுழலவில்லை, கீறலும் போகாது.

புது பேட்டில் பாலிஷை விரலால் மெல்லியதாக முகம் முழுக்கத் தடவி ஊற வையுங்கள். காய்ந்த ஃபோம் பெயின்டில் நேரடியாகப் பட்டால் புதுக் கோடு விழும். அப்புறம் பட்டாணி அளவில் நாலு சொட்டு. அடுத்தடுத்த சதுரத்துக்கு மூன்று சொட்டு போதும்.

மெஷினை ஆன் செய்யும் முன் பேட்டைப் பெயின்டில் வைத்து நாலைந்து இடத்தில் ஒற்றிக்கொள்ளுங்கள். பேட் பெயின்டில் படிந்திருக்கும்போதுதான் ஆன் செய்ய வேண்டும், ஆஃப் செய்து சுழற்சி நின்ற பிறகே தூக்க வேண்டும். காற்றில் ஆன் செய்தால் பாலிஷ் சுவர், சட்டை, கண்ணாடி எல்லாவற்றிலும் தெறிக்கும்.

வேகம் ஆறு படி உள்ள மெஷினில், முதல் அல்லது இரண்டாம் படியில் அழுத்தாமல் சதுரம் முழுக்கப் பரப்புங்கள். பிறகு நாலு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். இடமிருந்து வலமாக, ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மூடும்படி சதுரத்தை முடியுங்கள். அடுத்து மேலிருந்து கீழாக அதே போல. இப்படி நாலு தடவை. திசையை மாற்றுவதால் எந்த இடமும் விட்டுப்போகாது.

கை நகரும் வேகம் நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு அங்குலம். ஒன்றரை அடிக் கோட்டைக் கடக்கப் பத்து நொடி ஆக வேண்டும். முதல்முறை இது பொறுமையைச் சோதிக்கும் வேகம். எல்லோரும் தரை துடைக்கிற மாதிரி அரக்கப்பரக்க இழுக்கிறார்கள். அப்போது துகளுக்குக் கீறலைச் சீவ நேரமே கிடைப்பதில்லை. சதுரம் ஒன்றுக்கு மூன்று, நாலு நிமிடம் கொடுங்கள்.

அழுத்தம்: மெஷினின் எடையோடு கையின் எடை கொஞ்சம். ஃபோம் லேசாக அமுங்க வேண்டும், மார்க்கர் கோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டைச் சாய்க்காமல் தட்டையாகப் பிடியுங்கள். சாய்த்தால் ஓரத்தில் மட்டும் சூடு ஏறும், சுழற்சியும் நிற்கும். கதவு போன்ற செங்குத்தான இடத்தில் மெஷினின் எடை உதவாது, கைதான் அழுத்த வேண்டும். கை வலித்தால் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசித் தடவையில் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள். முடிந்ததும் பெயின்டில் எண்ணெய் போல மெல்லிய படலம் மிஞ்சியிருந்தால் சரியான அளவு.

8. பேட்டைச் சுத்தம் செய்தல்

ஒவ்வொரு சதுரமும் முடிந்ததும் மெஷினை முதல் படியில் ஓடவிட்டு பிரஷை பேட்டில் லேசாகப் பிடியுங்கள். கண்ணாடி, மாஸ்க் மறக்க வேண்டாம். சீவிய கிளியர் கோட்டும் தேய்ந்த பாலிஷும் பேட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை எடுக்காமல் புதுச் சொட்டு போட்டால் பேட் வழுக்கத்தான் செய்யும். இரண்டு பேனலுக்கு ஒரு முறை பேட்டை மாற்றுங்கள். கையால் தொட்டால் சூடாக இருந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

9. துடைத்துப் பார்த்தல்

மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து அழுத்தாமல் துடையுங்கள். பளபளப்பாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் மெல்லிய கீறலை நிரப்பி மறைத்துவிடும். இரண்டு வாரத்தில் மழையில் எண்ணெய் போனதும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது என்று புலம்புவது இதனால்தான்.

ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஆறேழு பங்கு தண்ணீர் கலந்து, ஸ்ப்ரே செய்து, வேறு சுத்தமான துணியால் துடையுங்கள். அதற்கு மேல் கெட்டியாகக் கலப்பதில் பயனில்லை, துணி இழுத்துப் பிடித்துப் பெயின்டில் கோடு விழும். பிறகு டார்ச்சைப் பல கோணத்தில் அடித்துப் பாருங்கள். டியூப் லைட்டில் எதுவும் தெரியாது.

10. கூரையிலிருந்து கீழே, பம்பரில் கவனம்

சோதனைச் சதுரத்தில் ஒத்துவந்த முறையைக் கூரை, பானெட், டிக்கி, கதவு, ஃபெண்டர் என்று மேலிருந்து கீழே கொண்டுபோங்கள். பம்பர் பிளாஸ்டிக். தகரம் போலச் சூட்டைக் கடத்தாது, பெயின்டிலேயே சூடு தங்கிவிடும். அங்கே வேகத்தை ஒரு படி குறைத்து, தடவையையும் குறையுங்கள். கைப்பிடிக் குழி, பக்கவாட்டுக் கண்ணாடியின் பின்பக்கம் போன்ற இடங்களில் மெஷினைத் திணிக்காமல் சின்ன ஃபோம் அப்ளிகேட்டரால் கையிலேயே தேயுங்கள்.

11. சிக்கல் வந்தால்

வெள்ளைத் தூசி பறக்கிறது என்றால் பேட் காய்ந்திருக்கிறது, அல்லது பேட்டில் பழைய பாலிஷ் அடைத்திருக்கிறது. ஒரு முறை லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், பிறகு பேட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

பேட் வழுக்கிக்கொண்டு போகிறது, கீறல் அசையவில்லை என்றால் பாலிஷ் அதிகம். கூடப் போட்டால் கூட வேலை செய்யும் என்ற நினைப்பு இங்கே எடுபடாது.

கீறல் போய் மூட்டமாகத் தெரிந்தால் பேட்டோ பாலிஷோ கரடு. ஃபினிஷிங் பேட்டில் ஃபினிஷிங் பாலிஷ் வைத்து இரண்டு தடவை ஓட்டினால் தெளியும்.

நடுநடுவே பன்றிவால் போலச் சுருண்ட ஒற்றைக் கீறல்கள் புதிதாக வந்தால் பேட்டில் மணல் மாட்டியிருக்கிறது. நிறுத்துங்கள், பேட்டை மாற்றுங்கள், அந்தப் பேனலை மறுபடி கழுவுங்கள். தரையில் விழுந்த பேட்டைத் தட்டிவிட்டு மாட்டுவதுதான் வழக்கமான காரணம்.

துடைக்க வராமல் பாலிஷ் ஒட்டிக்கொண்டால் பேனல் சூடாக இருக்கிறது. நகத்தால் சுரண்ட வேண்டாம். அதே இடத்தில் ஒரு சொட்டு புதுப் பாலிஷ் வைத்துக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் இளகிவிடும்.

12. மேலே வேக்ஸ் அல்லது சீலன்ட்

டேப்பை எடுத்து, இடுக்கில் சேர்ந்த பாலிஷை மென்மையான பிரஷால் தட்டி, ஆல்கஹால் கலவையால் வண்டி முழுக்க ஒரு முறை துடையுங்கள். இப்போது பெயின்டின் மேல் எதுவுமே இல்லை. அன்றைக்கே பெயின்டுக்கு மேல் காப்புப் பூச்சாக வேக்ஸோ சீலன்டோ போட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீலன்ட் பிடிக்காது, அதனால்தான் முதலில் துடைக்கச் சொல்கிறேன். மெல்லியதாகப் போடுங்கள், தடிமனாகப் போட்டால் துடைத்து எடுக்கும் வேலைதான் கூடும். பாட்டிலில் சொன்ன நேரம் முடியும்வரை தண்ணீர் பட வேண்டாம்.

அந்த இடைவெளியில் பேட்களைக் கவனியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, விரலால் அமுக்கி அமுக்கிப் பாலிஷ் வெளியேறும்வரை கழுவுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, வெல்க்ரோ பிய்ந்து வரும். மெஷினில் மாட்டிச் சுத்தமான வாளிக்குள் சில நொடி சுழலவிட்டால் தண்ணீர் போய்விடும். ஃபோம் கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் எடுத்து வையுங்கள். துணிகளைத் தனியாகத் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் விட்டால் நார் அடைபட்டுத் தண்ணீரையே உறிஞ்சாது.